கட்டிலை விட்டு இறங்குவது எளிதா?

முதலில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். பாதங்கள் முன்னால் தரையில் பதிந்திருக்கட்டும். கைகளை மார்பின் மேல் கட்டிக் கொள்ளுங்கள். உங்கள் நண்பர் ஒரே ஒரு விரலை உங்கள் நெற்றியில் வைத்து அழுத்தட்டும். இப்போது எழுந்திருங்கள் பார்க்கலாம்! முடியாது. நண்பர் பயில்வானாக இருக்க வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தம்பியின் விரலே போதும்.

காரணம் எளியது. உட்கார்ந்திருக்கும்போது உடலின் ஈர்ப்பு மையம் இருக்கைக்கு நேர் மேலே உள்ளது. பாதங்களோ அதற்கு முன்னால் இருக்கின்றன. எழுந்து நிற்க வேண்டுமானால், ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே வரையும் செங்குத்துக் கோடு பாதங்கள் அடைத்துள்ள பரப்புக்குள் விழ வேண்டும். அதற்காகத்தான் நாம் அறியாமலேயே தலையையும் மார்பையும் முன்னால் சாய்க்கிறோம். நெற்றியிலுள்ள விரல் அந்தச் சாய்வைத் தடுத்துவிடுகிறது.

நாள்தோறும் பலமுறை கவனமின்றிச் செய்யும் இச்செயலை, வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் நள்ளிரவில் கழிப்பறைக்குப் போவதற்காகச் செய்வதாக எண்ணிப் பாருங்கள். அல்லது எண்பது வயது மூதாட்டி ஒருவர் செய்வதாக எண்ணுங்கள். அந்த வயதில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், வந்த நோயைவிட விழுந்த விழுக்காடே பெரிதாகிவிடும். ஆகவே மருத்துவமனைக் கட்டில் என்பது படுப்பதற்கான பலகை மட்டுமன்று. எழுவதற்கான எந்திரமும் ஆகும்.

எழுவதன் முதற்கட்டம், படுத்த நிலையிலிருந்து உட்காருவது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் இடுப்புக்கு மேற்பட்ட பகுதி (தலை, கைகள் உட்பட) ஏறக்குறைய 40 கிலோகிராம் இருக்கும். அதன் ஈர்ப்பு மையம் இடுப்பு மூட்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளியிருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் வயிற்றுத் தசைகள் முதற்கணத்தில் சமாளிக்க வேண்டிய திருப்புத்திறன் 400 × 0.3 = 120 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கழியின் முனையில் 12 கிலோகிராம் எடையுள்ள தண்ணீர் வாளியைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துத் தூக்குவதற்கு இது சமம். தையல் போட்ட வயிறு இதைத் தாங்குமா? கட்டிலின் தலைப்பகுதியை 60 பாகை உயர்த்திவிட்டால் கொசைன் 60 அரைதானே, திருப்புத்திறனும் பாதியாகிவிடுகிறது. மீதி வேலையைக் கைகளாலேயே முடித்துவிடலாம்.

தலைப்பகுதியை உயர்த்தும் வழக்கம் வேறொரு காரணத்துக்காகத் தோன்றியது. 1900-ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஃபௌலர், வயிற்றறையில் சீழ் கோத்த நோயாளிகளைத் தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைத்தால் சீழ் புவியீர்ப்பால் கீழே வடிந்து சேரும், வெளியேற்றுவது எளிது என்று கண்டார். எதிருயிரி மருந்துகள் இல்லாத காலத்தில் அது பலர் உயிரைக் காத்தது. நம் நாட்டு மருத்துவமனைகள் வாங்கும் பொருள்களின் பட்டியலில் இன்றும் ‘ஃபௌலர் கட்டில்’ என்னும் பெயரைக் காணலாம்.

ஆனால் சாய்ந்து உட்கார்ந்தவர் மெல்ல மெல்லக் கால்பக்கமாகச் சறுக்குவார். சாய்தளத்தில் வைத்த பொருளைப் பற்றி நீங்கள் படித்ததுதான்: சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் உராய்வுக் குணகத்தை மிஞ்சினால் பொருள் நழுவும். நழுவாமல் உராய்வு பிடித்துக்கொண்டாலும் தொல்லையே. எலும்பு ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமும் இழுபட்டு, முதுகின் அடியில் படுக்கைப் புண் உண்டாகும். 1909-இல் வில்லிஸ் காட்ச் என்னும் மற்றோர் அமெரிக்க மருத்துவர், கட்டிலின் மேற்பரப்பைக் கீல்களால் இணைத்த பகுதிகளாகப் பிரித்து, முதுகுப் பகுதியை மட்டுமின்றி முழங்காலுக்குக் கீழுள்ள இடத்தையும் மேடாக உயர்த்தும் கட்டிலை விவரித்தார். அந்த மேடு தொடையைத் தாங்கிச் சறுக்கலைத் தடுத்தது. (இறங்கும்போது மட்டும் முழங்கால் பகுதியை முதலில் சமமாக்கிவிட வேண்டும். மறந்தால் அதுவே காலைத் தடுக்கும் வரப்பாகிவிடும்.)

கைப்பிடியால் சுற்றும் கட்டில்களில் இப்பகுதிகளை உயர்த்துவது நீண்ட திருகு. கைப்பிடியின் ஆரம் 20 செ.மீ., திருகின் புரியிடைத் தூரம் 5 மி.மீ. என்றால், ஒரு சுற்றில் கை நகரும் தூரம் சுமார் 126 செ.மீ.; மறை நகர்வதோ அரை செ.மீ.தான். திசைவேக விகிதம் ஏறக்குறைய 250! உராய்வு இதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். பயனுறுதிறன் நூற்றுக்கு 25 என்றாலும் எந்திரலாபம் அறுபதுக்கு மேல். உராய்வைத் திட்டவும் வேண்டாம். அது இருப்பதால்தான் கைப்பிடியை விட்டவுடன் திருகு பின்னோக்கிச் சுழன்று, நோயாளியுடன் முதுகுப் பலகை தொப்பென்று விழாமல் நிற்கிறது.

உட்கார்ந்தாயிற்று. உடனே எழுந்து நிற்கலாமா? கூடாது. நிற்கும்போது இதயத்துக்கு மேலே சுமார் 30 செ.மீ. உயரத்தில் மூளை இருக்கிறது. அந்த உயரமுள்ள இரத்தத் தம்பத்தின் அழுத்தம், அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × உயரம் என்ற வாய்பாட்டின்படி, ஏறக்குறைய 23 மி.மீ. பாதரசம். படுத்திருக்கையில் இந்தச் செலவு இல்லை. எழுந்ததும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களிலும் அடிவயிற்றிலும் தேங்குகிறது. நலமுள்ளவரின் இரத்தக் குழாய்கள் நொடிகளில் சுருங்கி நிலைமையைச் சீர்செய்துவிடும். பல நாள் படுத்தவருக்கு அது தாமதமாகும். கண் இருண்டு தலை சுற்றும். முதுகுப் பகுதியைப் படிப்படியாக உயர்த்துவதும், கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் இருக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

இனித்தான் முக்கியமான கட்டம். எழும் கணத்தில் உடலின் எடைக்கோடு பாதத்தின் மேலும், முழங்கால் அதற்கு முன்னாலும் இருக்கும். இடைத்தூரம் 20 செ.மீ. எனக் கொள்வோம். ஒரு காலின் பங்கு 300 நியூட்டன். ஆக, முழங்காலில் திருப்புத்திறன் 60 நியூட்டன் மீட்டர். தொடையின் முன்தசை முழங்கால் அச்சிலிருந்து சுமார் 4 செ.மீ. தூரத்தில்தான் இழுக்கிறது. எனவே அத்தசை 1500 நியூட்டன், அதாவது 150 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையைத் தர வேண்டும், ஒவ்வொரு காலிலும்! கட்டிலைச் சற்று உயர்த்தினால் தொடை முன்னோக்கிச் சரிகிறது; தூரம் குறைகிறது. அது 12 செ.மீ. ஆனால் 900 நியூட்டனே போதும். மெலிந்த காலுக்கு இந்த வேறுபாடு, தானே எழுவதா, பிறர் தூக்கிவிட வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும்.

அப்படியானால் இன்னும் உயர்த்தலாமே? உயர்த்தினால் பாதம் தரையில் முழுதும் பதியாது. நுனிக்கால் ஊன்றியவர் விளிம்பிலிருந்து வழுக்குவார். முழங்கால் மடிப்பின் உயரமோ, அதைவிடச் சற்றுக் கூடுதலோ பொருத்தமானது. பெரியவர்களுக்கு ஏறக்குறைய 40 முதல் 50 செ.மீ. கட்டில் ஒரு சோபாவைவிட உயரமாக இருந்தால் நோயாளி ஏறி இறங்கியே களைத்துப் போவார் என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் எழுதிய நூலிலேயே கூறியிருக்கிறார்.

அவர் சொன்னதை மருத்துவமனைகள் ஏன் பின்பற்றவில்லை? செவிலியரின் முதுகும் முதுகுதானே! காயத்துக்குக் கட்டுப் போடவும் நோயாளியைப் புரட்டவும் 80 செ.மீ. உயரமாவது வேண்டும். குனிந்தே வேலை செய்தால் அவர் இடுப்பு ஒடிந்துவிடும். அறுவைக்குப்பின் நோயாளியை வாரக்கணக்கில் படுக்க வைத்த காலத்தில் உயரமான கட்டிலால் பெரிய இடையூறு இல்லை. இரண்டாம் உலகப் போரையொட்டி, சீக்கிரம் எழுந்து நடப்பவர்களுக்கு இரத்தக் கட்டியும் நுரையீரல் சளியும் குறைகின்றன என்று மருத்துவர்கள் உணர்ந்தனர். அப்போதுதான் சிக்கல் வெளிப்பட்டது.

பிரிட்டனில் 1960-களில் கிங்ஸ் நிதியம் என்னும் லண்டன் அறநிறுவனம் இதை ஆராயப் புகுந்தது. ராயல் கலைக் கல்லூரியின் புரூஸ் ஆர்ச்சர் தலைமையில் ஒரு குழு, கட்டிலருகே உண்மையில் யார், என்ன, எத்தனை முறை செய்கிறார்கள் என்று கவனித்துக் குறித்து, உயரம் மாறும் கட்டிலை வடிவமைத்தது. மாதிரிக் கட்டில்களை மருத்துவமனையில் பயன்படுத்திப் பார்த்த பிறகு, 1967-இல் கட்டிலுக்கான வரையறை வெளியாயிற்று. ஒரு கட்டிலுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று சிரிக்கலாம். எத்தனையோ பகட்டான கருவிகளைவிட இந்த ஆராய்ச்சி மேலானது என்பேன்.

நோயாளி விழாதிருக்க இருபுறமும் கம்பித் தடுப்பு வைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். உருண்டு விழுவதை அது தடுக்கும். ஆனால் மனம் தடுமாறிய நோயாளி தடுப்பின் மேல் ஏறிக் குதிக்க முயல்வார். 80 செ.மீ. உயரத்திலிருந்து விழும் பொருள் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் தரையை மோதும். 60 கிலோகிராமுக்கு ஆற்றல் 470 ஜூல். 40 செ.மீ. தடுப்பின் உச்சியிலிருந்து என்றால் 700 ஜூலைத் தாண்டிவிடும். கம்பிகளுக்கிடையே தலையோ கழுத்தோ சிக்கிக்கொள்வது இன்னும் கொடியது. 1985 முதல் 2009 தொடக்கம் வரை இத்தகைய 803 நிகழ்ச்சிகள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்குத் தெரிவிக்கப்பட்டன. அவற்றில் 480 பேர் இறந்தனர். 2006-இல் அந்நிர்வாகம் தந்த வழிகாட்டுதல், தடுப்பின் இடைவெளி 12 செ.மீ.க்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. தலை நுழையாத அளவு அது.

ஆகவே இப்போதைய தாழ்கட்டில்கள் வேறு வழியை நாடுகின்றன. தூங்கும்போது கட்டிலைத் தரையிலிருந்து 25 செ.மீ. அளவுக்கு இறக்கிவிடுவர். உருண்டாலும் மோதும் ஆற்றல் 150 ஜூல்தான். ஆனால் அவ்வளவு தாழ்விலிருந்து எழுவது கடினம் என்று மேலே கண்டோம். எனவே எழும் நேரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். மருத்துவம் செய்யும்போது செவிலியரின் இடுப்புயரத்துக்கு. ஒரே கட்டிலுக்கு மூன்று உயரங்கள்!

இதற்குப் பெரிய மோட்டார் வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். நோயாளியும் கட்டிலின் நகரும் பகுதியும் சேர்ந்து 140 கிலோகிராம் என்போம். 40 செ.மீ. உயர்த்தத் தேவையான வேலை 560 ஜூல். 20 வினாடியில் செய்தால் திறன் 28 வாட். பாதிக்குமேல் உராய்வில் போனாலும் நூறு வாட்டுக்குள் அடங்கிவிடும். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுதான்.

இத்தனையும் சரியாக அமைந்து, ஒன்றே ஒன்றை மறந்துவிட்டால் எல்லாம் வீண். எழுபவர் கட்டில் விளிம்பில் கையை ஊன்றி உடலை முன்னால் தள்ளுகிறார். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அவர் கட்டிலைப் பின்னால் தள்ளுகிறார். கட்டிலுக்கோ காலில் சக்கரம். பூட்டாத சக்கரம் அந்தக் கணத்தில் பின்னோக்கி உருளும். உட்கார நினைத்துத் திரும்பியவருக்கு அங்கே கட்டில் இருக்காது. உறவினரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனால், கட்டிலின் காலடியில் அந்தச் சிறு பூட்டு நெம்புகோலைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் பாதத்தால் மிதித்துப் பூட்டும் வகையாக இருக்கும்.