தொடங்கிய சொல்லிலேயே முடியும் பாட்டு

‘தொடங்கிய காட்சியிலேயே படம் முடிந்தால், பிள்ளைகள் அதை வெளிநாட்டு உத்தி என்கிறார்கள். நம்மிடம் இது இல்லையா?’ என்று முஞ்சிறையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்.

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘ஃபினெகன்ஸ் வேக்’ நாவலில் கடைசி வாக்கியம் பாதியில் நின்று, முதல் பக்கத்தில் போய் நிறைகிறது. அது வெளிவந்தது 1939இல். நம் அந்தாதி அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மூத்தது.

ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டுக்குத் தொடக்கமாகும் என்பது தெரிந்ததே. கடைசிப் பாட்டு முதல் பாட்டின் தொடக்கத்தைத் தொட்டுவிட்டால் அது மண்டலித்தல். நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் 1,102 பாசுரங்களும் இப்படிக் கோத்து நிற்கின்றன. நம் திருவட்டாற்றுப் பதிகமும் அதில் ஒரு கண்ணி. புதுக்கடையில் என் பெரியம்மை கயிறு திரிப்பாள். பழைய புரி தீருமுன்னே புதுத் தும்பை அதன்மேல் வைத்து முறுக்குவாள். சேர்ந்த இடம் விரலுக்கும் தெரியாது. அந்தாதியும் அப்படித்தான். ஏட்டில் ஓர் ஓலை இடம் மாறினால் காட்டிக்கொடுக்கும். மனப்பாடமாகச் சொல்பவருக்கு அடுத்த பாட்டை எடுத்துக்கொடுக்கும்.

என்னைப் பிடித்து வைத்திருப்பது காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி. 101 வெண்பா. முதல் சொல் ‘பிறந்து’. கடைசிச் சொல்லும் ‘பிறந்து’. முதலில் பிறப்பது அம்மையார். அத்தனை வெண்பாவையும் கடந்து வந்தால், பிறப்பது இறைவன்மேல் அன்பு. சொல் அதேதான், அதற்குள் இருப்பது வேறு. சிவராத்திரிக்கு முஞ்சிறையில் புறப்பட்டு, பன்னிரண்டு சிவாலயங்களுக்கும் ஓடித் திருநட்டாலத்தில் முடிப்பவர்களைப் பாருங்கள். வீடு திரும்பி மிதிப்பது அதே வாசல்படி. மிதிக்கும் கால் பழைய கால் அல்ல.

இப்படிப்பட்ட நூலிலிருந்து ஒரு பாட்டை மட்டும் பிய்த்தெடுத்து மனப்பாடத்துக்குக் கொடுக்கிறோம். கயிற்றில் ஒரு சாண் வெட்டி வைத்துக்கொண்டு கிணற்றில் தண்ணீர் கோர முடியுமா?

டீச்சர், ஒரு சாயங்காலம் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொரு வெண்பாவாக 101ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள். கடைசிப் பிள்ளை ‘பிறந்து’ என்று முடிக்கும்போது, முதலில் வாசித்த பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்.