உஷார்! கோட்டை மானின் கண் உங்கள் பையில்

திருகோணமலைக் கோணேசரைக் கும்பிட வருகிறவர்களே, கோட்டை வாசலுக்குள் கால் வைக்குமுன் கையிலிருக்கும் பையை ஒருமுறை பாருங்கள். சொப்பிங் பையா? உள்ளே பிஸ்கட் பக்கற்றா, வடை சுற்றிய லன்ச் சீற்றா? அப்படியென்றால், கோயில் வரை நடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு புள்ளிமானின் உயிர் உங்கள் கையில் இருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, 1624இல் அந்தக் கற்களைக் கொண்டு எழுப்பிய கோட்டை இது. பிறகு ஒல்லாந்தர், ஆங்கிலேயர், இன்று இராணுவ முகாம். கை மாறிக் கை மாறி வந்த இந்த மதிலுக்குள் புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு ஓடாமல் வாழ்கின்றன. காட்டுக்குள் ஒரு நாள் முழுக்க ஜீப்பில் அலைந்தாலும் கிட்டாத காட்சி, இங்கே மரநிழலில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. ஆபத்தும் அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது.

போன கச்சான் காற்றுக் காலத்தில் என் கண்ணால் கண்டது. ஒரு சிறுமி மானுக்கு பிஸ்கட் நீட்டினாள். ஒன்றைத் தின்ற மான், மறுநொடி அவளுடைய மற்றக் கையிலிருந்த பக்கற்றைக் கவ்வி இழுத்தது. வீட்டார் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். நான் கிட்டப் போவதற்குள் உறை தொண்டைக்குள் இறங்கிவிட்டது. அந்த மான் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. நினைக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

விழுங்கிய பொலித்தீன் வயிற்றுக்குள் என்ன செய்யும்? மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லால் பற்றி, கிள்ளி, அவசரமாக விழுங்கும். ஆறுதலாகப் படுத்து அசைபோடும்போதுதான் மெல்லும். ஆகவே எண்ணெயும் உப்பும் மணக்கும் உறையை வாயிலேயே பிரித்துத் துப்ப அதற்குத் தெரியாது. இரைப்பைக்குள் போன பொலித்தீன் செரிக்காது, எளிதில் வெளியேறவும் செய்யாது. ஒன்றோடொன்று முறுகிப் பந்தாகத் திரண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்த உணர்வில் மான் புல் மேய்வதைக் குறைக்கும். பார்க்கிறவர்களுக்கு வயிறு புடைத்த மான். உள்ளே அது பட்டினியால் செத்துக்கொண்டிருக்கும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகளுக்கே இந்தக் கதி: 2022ஆம் ஆண்டின் தொடக்கம் வரையிலான எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே செத்ததாகச் செய்திகள் வந்தன. யானை தாங்காததை மான் தாங்குமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். திருகோணமலைக்கு மழை வாடைக் காலத்தில். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புல் கருகிக் கிடக்கும். கடல் அமைதியாக இருப்பதால் வெளியூர்க் கூட்டம் குவிவதும் அதே மாதங்களில்தான். மானுக்குப் பசி மிகுந்த வேளையில் நம்முடைய குப்பையும் மிகுந்துவிடுகிறது. லன்ச் சீற்றுக்கும் றெஜிபோம் பெட்டிக்கும் 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. தடை தாளில் இருக்கிறது, பொலித்தீன் தெருவில் இருக்கிறது.

பிள்ளைகளோடு வருகிறவர்கள் கூடுதல் கவனம்! கொம்பு முற்றிய கலைமான் ஐம்பது கிலோவுக்கு மேல் எடை கொண்ட காட்டு மிருகம். அது தலையைத் தாழ்த்தினால் கொம்பு நுனி சிறு பிள்ளையின் முகத்துக்கு நேரே வரும். கையால் தீனி வாங்கிப் பழகிய மான் அடுத்த கையையும் உரிமையோடுதான் நெருங்கும். அது காலைத் தரையில் உதைத்தாலோ, வாலைத் தூக்கிக்கொண்டு கூர்மையாகக் குரல் கொடுத்தாலோ, பின்வாங்குங்கள். செல்ஃபிக்காகக் கழுத்தைக் கட்டிப்பிடிக்க வேண்டாம். புதருக்குள் குட்டி தனியே படுத்திருந்தால் அநாதை என்று தூக்காதீர்கள். தாய் அதை அங்கே ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும். நீங்கள் நகர்ந்தால்தான் தாய் திரும்பி வரும்.

மான்கள் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை. பட்டணத்துத் தெருக்களிலும் இறங்கித் திரிகின்றன, குப்பையையும் கிளறுகின்றன. இரவில் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் ஓட்டுகிறவர்கள் வேகத்தைக் குறையுங்கள். ஒரு மான் தெருவைக் கடந்தால் நின்றுவிடுங்கள். பின்னால் இன்னும் இரண்டு மூன்று வரும்.

அருச்சனைப் பொருள்களைத் துணிப்பையிலோ பனையோலைப் பெட்டியிலோ கொண்டுபோங்கள். தின்பண்டங்களை வாகனத்திலேயே வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஏறுங்கள். தேங்காய், பழம் கட்டிய பொலித்தீனை மடித்துப் பையில் போட்டு வீட்டுக்கே எடுத்துப்போங்கள். நிரம்பி வழிகிற குப்பைத்தொட்டியை நம்ப வேண்டாம், மான் அதற்குள்ளும் தலையை விடும். கடைக்கார அண்ணன்மாரே, அக்காமாரே, கச்சான் கடலையைக் கடதாசிச் சரையிலேயே கொடுங்கள்.

வாயில் பொலித்தீன் தொங்கும் மானையோ அடிபட்டுக் கிடக்கும் மானையோ கண்டால் நீங்களாக இழுக்கவோ தூக்கவோ போகாதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். அந்த இலக்கத்தை இப்போதே தொலைபேசியில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.