சாவடி அறியாத சரக்கு

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் கோவிந்தாபுரம் இருக்கிறது. பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும். பிழைப்பை நாடி மாநில எல்லையைக் கடந்த தமிழருக்கு இத்தகைய எல்லைச் சாவடிகள் புதியன அல்ல. லாரி வந்து நிற்கும். ஓட்டுநர் சீட்டை நீட்டுவார். அதிகாரி, சீட்டிலுள்ள பெயரையும் வண்டியிலுள்ள சரக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். 2017-ஆம் ஆண்டில் சரக்கு, சேவை வரி வந்தபின் வணிகவரிச் சாவடிகள் மறைந்தன. எனினும், எந்தச் சோதனைக்கும் அடிப்படை ஒன்றே: சரக்குக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும், அப்பெயர் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பெயர் எழுதப்படாமலே எல்லாச் சாவடிகளையும் கடந்து செல்லும் ஒரு பொருளைப் பற்றி இங்கே எண்ணிப் பார்ப்போம். பெர்ஃப்ளூரோ ஆக்டேன் சல்ஃபோனிக் அமிலம் என்பது அதன் முழுப்பெயர். சுருக்கமாக பி.எஃப்.ஓ.எஸ். என்பர். எட்டுக் கரி அணுக்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு, அவற்றைச் சுற்றிப் பதினேழு புளோரின் அணுக்கள் கவசம்போல் அமைந்திருப்பது இதன் உருவம். கரியும் புளோரினும் கொள்ளும் பிணைப்பு, கரிம இரசாயனத்தில் மிக வலிய பிணைப்புக்களுள் ஒன்று. வெயிலும் மழையும் நுண்ணுயிர்களும் அதனை எளிதில் அறுக்க இயலா.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது நாம் அறிந்ததே. இந்தப் பொருளும் இதன் இனத்தைச் சேர்ந்தவையும் பூசப்பட்ட பரப்பில் தண்ணீரும் ஒட்டாது, எண்ணெயும் ஒட்டாது. ஆகவே கைத்தொழில்கள் இதனை விரும்பி ஏற்றன. மழைக்கோட்டுத் துணி, கறை படியாத கம்பளம், பதனிட்ட தோல், எண்ணெய் ஊறாத காகிதம், பெட்ரோல் தீயை அணைக்கும் நுரை, குரோமிய முலாம் பூசும் தொட்டி என்று இதன் பயன் விரிந்தது. அமெரிக்காவில் 3எம் என்னும் கம்பெனி இதனைப் பெருமளவில் உற்பத்தி செய்துவந்தது. உலக மக்களின் இரத்தத்தில் இப்பொருள் கலந்திருப்பது தெரிந்தபின், 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த உற்பத்தியைக் கைவிடப் போவதாக அக்கம்பெனியே அறிவித்தது.

பொதுவாக நிலைத்து நிற்கும் நஞ்சுகள் உடலின் கொழுப்பில் தங்கும். இதுவோ இரத்தத்திலுள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு, இரத்தத்திலும் ஈரலிலும் தங்குகிறது. உடலில் சேர்ந்த அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். இந்த இனத்து இரசாயனங்களால் இரத்தத்தில் கொழுப்பு மிகுதல், பிறக்கும் குழந்தையின் எடை குறைதல், தடுப்பூசிக்கு உடல் காட்டும் எதிர்ப்பாற்றல் தளர்தல் ஆகியவை நேர்வதை ஆராய்ச்சிகள் சுட்டுகின்றன. 2023-இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், இதன் உறவுப் பொருளான பி.எஃப்.ஓ.ஏ.-வைப் புற்றுநோய் விளைவிப்பது என்றும், பி.எஃப்.ஓ.எஸ்.-ஐ அவ்வாறு விளைவிக்கக்கூடியது என்றும் வகைப்படுத்தியது. 2024-இல் அமெரிக்க அரசாங்கம் குடிநீரில் இவ்விரண்டில் ஒவ்வொன்றுக்கும் விதித்த வரம்பு, லிட்டருக்கு 4 நானோகிராம். அஃதாவது, லட்சம் கோடிப் பங்கு நீரில் நான்கே பங்கு.

இவ்வளவு நுண்ணிய அளவிலும் கருதத்தக்க ஒரு பொருள் ஒரு நாட்டில் எங்கெங்கே, எவ்வளவு பயன்படுகிறது என்று கணக்கெடுப்பது எப்படி?

முதற்படி, துறைமுகச் சுங்கக் கணக்கு. நெடுங்காலம் இதற்கெனத் தனி எண் இல்லாமல், ‘மற்ற இரசாயனங்கள்’ என்ற பொதுத் தலைப்பில் இது மறைந்திருந்தது. 2017 ஜனவரி முதல் உலகச் சுங்க அமைப்பின் பட்டியலில் பி.எஃப்.ஓ.எஸ்.-க்கும் அதன் உப்புக்களுக்கும் தனி எண்கள் தரப்பட்டன. சாவடிகள் மறைந்த அதே ஆண்டில் இப்பொருளுக்குப் பெயர் கிடைத்தது! ஆயினும், துணியில் பூசப்பட்டு வருவது துணி என்றே பதிவாகும். கம்பளத்தில் வருவது கம்பளம் என்றே பதிவாகும்.

இரண்டாம் படி, தொழிற்சாலைகளுக்கு வினாப் பட்டியல் அனுப்புதல். இங்கும் ஓர் இடர். முலாம் பூசும் சிறு பட்டறைக்காரர் வாங்குவது ‘ஆவி அடக்கி’ என்னும் ஒரு டப்பா. அதன்மேல் இருப்பது வியாபாரப் பெயர். உள்ளே இருப்பது என்ன என்பதை அவரும் அறியார். ‘இப்பொருளைப் பயன்படுத்துகிறீரா?’ என்று வினவினால், ‘இல்லை’ என்றே மனமார விடை தருவார். ஆகவே கணக்கெடுப்போர் பொருளின் பெயரைக் கேளாமல், தொழிலின் முறையைக் கேட்க வேண்டும். என்ன டப்பா, எவ்வளவு, எங்கிருந்து வாங்கியது, அதனுடன் வந்த பாதுகாப்பு விவரத்தாள் எங்கே என்று ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும்.

மூன்றாம் படி, தண்ணீரைக் கேட்பது. ஏடு மறைப்பதை ஆறு சொல்லிவிடும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, கங்கை நீரிலும் அங்கு வாழும் ஓங்கில்களின் உடலிலும் இவ்வினப் பொருள்கள் இருப்பதைக் காட்டியது. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு நொய்யல், காவிரி ஆகிய ஆறுகளையும் சென்னை வட்டாரத்து ஏரிகளையும் சோதித்து, இத்தகைய பொருள்கள் தமிழ்நாட்டு நீரிலும் கலந்துள்ளன என்று கூறியது. இதற்கு முன்பே, 2004-இல், குருந்தாசலம் கண்ணன் என்னும் விஞ்ஞானியும் அவர்தம் துணைவரும் ஒன்பது நாட்டு மக்களின் இரத்தத்தைச் சோதித்தனர். அமெரிக்காவிலும் போலந்திலும் பி.எஃப்.ஓ.எஸ். மிகுந்திருந்தது, இந்தியரிடம் மிகக் குறைவாக இருந்தது. இது நமக்கு ஆறுதல் தரும் செய்தியே. ஆனால், வீட்டில் இன்னும் தீப்பிடிக்கவில்லை என்பது கிணற்றைத் தூர்த்துவிடுவதற்குக் காரணம் ஆகாது.

நிலைத்து நிற்கும் கரிம மாசுக்களைப் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006 ஜனவரியில் ஏற்றது. அவ்வுடன்படிக்கை 2009-இல் பி.எஃப்.ஓ.எஸ்.-ஐயும், 2019-இல் பி.எஃப்.ஓ.ஏ.-வையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. புதிதாகச் சேர்க்கப்படும் ஒவ்வொரு பொருளையும் நம் நாடு தனித்தனியே ஏற்றால்தான் அது நம்மைக் கட்டுப்படுத்தும். 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஏழு இரசாயனங்களை ஏற்க இசைந்தது. அந்த ஏழில் இது இல்லை.

கோவிந்தாபுரத்தை அடுத்த முதலமடை, மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்றது. பூச்சிமருந்து என்றால் என்ன, அதன் விளைவு என்ன என்று இப்பகுதி மக்களுக்குச் சொல்லித் தர வேண்டுவதில்லை. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் என்டோசல்பான் விளைத்த துயரத்தைக் கேரளம் முழுவதும் அறியும். 2011-இல் உச்ச நீதிமன்றம் அதனை நாடெங்கும் தடைசெய்தது. அதற்கு ஒரு டப்பா இருந்தது. டப்பாமேல் பெயர் இருந்தது. ஆகவே தடை என்பதற்குப் பொருள் இருந்தது. பெயர் தெரியாத பொருளைத் தடைசெய்தால் அந்தத் தடை ஏட்டளவில் நின்றுவிடும். கணக்கெடுப்பின் அவசியம் இதனால் விளங்கும்.

இங்கே ஒரு தர்மசங்கடமும் உண்டு. குரோமிய முலாம் தொட்டியில் மின்சாரம் பாயும்போது குமிழிகள் எழுந்து வெடித்து, அமிலத் திவலைகளை ஆவியாக வீசும். அந்தக் குரோமியம் மூக்கின் நடுத்தண்டைத் துளைக்கும். நுரையீரலில் புற்றுநோய் விளைக்கும். பி.எஃப்.ஓ.எஸ். அந்த ஆவியை அடக்குகிறது. ஊராரின் தண்ணீரைக் காக்க அதனை நீக்கிவிட்டு, தொட்டியருகே நிற்கும் தொழிலாளியை ஆவிக்கு ஒப்புக்கொடுப்பது நியாயமாகுமா? ஆகாது. புளோரின் இல்லாத மாற்றுப் பொருளும், தொட்டியின் விளிம்பிலேயே ஆவியை இழுத்துக்கொள்ளும் விசிறியும் முதலில் வரவேண்டும். எந்தப் பட்டறையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளும் கணக்கெடுப்பே முழுமையான கணக்கெடுப்பு.

அப்படி நிற்பவர்களுள் நம்மவரும் பலர். வேற்று மாநிலங்களில் சாயப் பட்டறையிலும், தோல் பதனிடும் சாலையிலும், முலாம் தொட்டியருகிலும் உழைக்கும் தமிழர், தாம் கையாளும் டப்பாவின் பாதுகாப்பு விவரத்தாளைக் கேட்டு வாங்கிப் படிப்பது நலம். ‘ஃப்ளூரோ’ என்ற எழுத்துக்கள் அதில் தென்பட்டால், மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் தனியே சேர்த்துவைக்கும்படி மேற்பார்வையாளரிடம் சொல்லலாம். நீரைக் கொதிக்கவைப்பதால் இப்பொருள் நீங்காது; கரி வடிகட்டியும் எதிர்ச் சவ்வூடு வடிகட்டியும் இதனைக் குறைக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கணக்கெடுப்போர் ஒருநாள் வினாத்தாளுடன் பட்டறை வாயிலில் வந்து நிற்கலாம். முதலாளியின் ஏட்டில் இல்லாத விடை, டப்பாவைத் தினமும் திறக்கும் தொழிலாளியிடம் இருக்கும். அவர் வாய் திறந்து சொல்லும் ஒரு சொல்லால், இத்தனை காலம் சாவடிகள் அறியாமல் சென்ற சரக்குக்குச் சீட்டில் பெயர் ஏறும்.