பழைய பிரிண்டருக்கு உங்க போன் பேசுற பாஷை தெரியாது

ஜூன் தொடங்கிட்டா தென்காசியில வீட்டை விட்டு இறங்குறதுக்கே ஒரு தடவை யோசிக்கணும். செங்கோட்டைக் கணவாய் வழியா காத்தும் சாரலும் வரும். கூடவே குற்றாலத்துக்குக் கூட்டமும் வரும். பேரருவி, ஐந்தருவி ரோடு முழுக்க வேன். அந்த நேரம் பார்த்துத்தான் ஏதோ ஒரு அப்ளிகேஷனுக்கு ஆதார் காப்பி கேப்பாங்க. ஹால்ல உறை போட்டு ஒரு லேசர் பிரிண்டர் இருக்கு, நல்லாவும் ஓடுது. ஆனா ஃபைல் போன்ல இருக்கு, அதனால பஜாருக்குத்தான் நடக்குறோம்.

நடக்குறதுகூட பரவாயில்லை. கடையில என்ன நடக்குதுன்னு கவனிங்க. அவங்க வாட்ஸ்அப் நம்பருக்கு பிடிஎஃப் அனுப்புறோம், பாஸ்வேர்டையும் சேத்து அனுப்புறோம். இ-ஆதார் பாஸ்வேர்டு என்ன? பேரோட முதல் நாலு எழுத்து, பிறந்த வருஷம். ஃபைல் அந்தக் கம்ப்யூட்டர்ல டவுன்லோட் ஃபோல்டர்லயே கிடக்கும். அதை அழிக்கணும்னு கடைக்காரருக்கும் தோணாது, கேக்கணும்னு நமக்கும் தோணாது. 2022 மே 27-ல ஆதார் ஆணையத்தோட பெங்களூரு அலுவலகம் ஒரு அறிக்கை விட்டாங்க: பொதுக் கம்ப்யூட்டர்ல இ-ஆதார் இறக்காதீங்க, இறக்கினா நிரந்தரமா அழிச்சிடுங்கன்னு. நகலைக் கண்டவங்ககிட்ட கொடுக்காதீங்கன்னும் அதுல இருந்ததால ஊரே பதறிடுச்சு. ரெண்டே நாள்ல அரசாங்கம் அறிக்கையை வாபஸ் வாங்கிட்டாங்க. ஆனா அழிச்சிடுங்கன்னு சொன்னது இன்னிக்கும் சரியான புத்திமதிதான்.

சரி, வீட்டு பிரிண்டருக்கு வருவோம். நம்ம ஊர்ப் பக்கம் நிறைய வீடுகள்லயும் கடைகள்லயும் பார்க்கிற ரெண்டு மாடல் ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900. ரெண்டுலயும் வைஃபை கிடையாது. அதனால "ஒரு வைஃபை டப்பா வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுது"ன்னு நினைப்போம். காசு வீணாகுற இடம் அதுதான்.

இந்த ரெண்டு மிஷின்லயும் மெமரி வெறும் 2 எம்பி. ஒரு பிடிஎஃப்பைத் திறந்து, எழுத்து எங்க, படம் எங்கன்னு கணக்கு போடுற வேலையை இதுங்க செய்யாது. அதைக் கம்ப்யூட்டர்ல இருக்கிற டிரைவர் செஞ்சு, பக்கத்தைப் புள்ளி புள்ளியா மாத்தி, அந்தக் கம்பெனிக்கே உரிய ஒரு பாஷையில அனுப்பும். பிரிண்டர் அதைத் தாள்ல இறக்குறதோட சரி. விலை குறைஞ்சதுக்கு ஒரு காரணமே இதுதான், மூளையை உங்க கம்ப்யூட்டர்ல கடன் வாங்கிடுச்சு. உங்க போன் பேசுறது வேற பாஷை. ஐபோன்னா ஏர்பிரிண்ட், ஆண்ட்ராய்டுன்னா மோப்ரியா மாதிரி பொதுவான முறைகள். ஆன்லைன்ல விக்கிற பிரிண்ட் சர்வர் டப்பாவோ, ரவுட்டர் பின்னாடி இருக்கிற யூஎஸ்பி ஓட்டையோ வந்த டேட்டாவை அப்படியே கடத்திவிடும், மொழிபெயர்க்காது. வயர் இல்லாதது பிரச்சினையே இல்லை, நடுவுல துபாஷி இல்லாததுதான் பிரச்சினை.

அந்த வேலையை முன்னாடி கூகுள் கிளவுட் பிரிண்ட் இலவசமா பார்த்துச்சு. வீட்டு கம்ப்யூட்டர்ல குரோம் ஓடினா போதும், போன்ல இருந்து அனுப்பிடலாம். 2020 டிசம்பர் 31-ஓட அதை மூடிட்டாங்க. "முன்னாடி வந்துச்சே, இப்ப வரலையே"ன்னு கேக்குற நிறைய பேருக்கு பதில் இதுதான்.

இப்போ என்ன வழி? ஆண்ட்ராய்டு போன்னா முதல்ல ஒரு ஓடிஜி கேபிள் வாங்கிப் பாருங்க. நோகோபிரிண்ட் மாதிரி ஆப் போட்டு, போனையும் பிரிண்டரையும் நேரா இணைக்கலாம். இங்க துபாஷி அந்த ஆப். வயர்லெஸ் இல்லைதான், ஆனா அவசரத்துக்கு உதவும். டெஸ்ட் பேஜ் ஒழுங்கா வந்த பிறகு மட்டும் ஆப்புக்குக் காசு கட்டுங்க. ஐபோனுக்கு இந்த வழி சரிப்படாது.

எனக்குப் பிடிச்சது ரெண்டாவது வழி. அலமாரியில தூங்குற பழைய லேப்டாப்பை எடுங்க. ஸ்கிரீன் உடைஞ்சிருந்தாலும் பரவாயில்லை, தற்காலிகமா டிவியில கனெக்ட் பண்ணி வேலையை முடிச்சிடலாம். லினக்ஸ் போட்டா அதுல கப்ஸ்னு ஒரு மென்பொருள் இருக்கும். மேக் கம்ப்யூட்டர்கள்ல பிரிண்ட் வேலையைப் பார்க்கிறதும் இதேதான். பிரிண்டரை அதுல சேர்த்து, ஷேரிங்கை ஆன் பண்ணுங்க. வீட்டு வைஃபையில "இங்க ஒரு பிரிண்டர் இருக்கு"ன்னு அது அறிவிச்சுக்கிட்டே இருக்கும். ஐபோன்லயும் புது ஆண்ட்ராய்டுலயும் பிரிண்ட் பட்டனை அழுத்தினா பேர் தானா வரும், தனி ஆப் வேண்டாம்.

லேப்டாப்புக்குப் பதிலா ராஸ்பெர்ரி பை வைக்கலாமா? 1020-க்குத் தாராளமா வைக்கலாம். 2900-க்கு யோசிங்க: கேனன் கொடுத்த லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகை கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், பை-யில ஓடாது. ஆர்வலர்கள் எழுதின கேப்ட்டிரைவர்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதை நிறுவ கொஞ்சம் பொறுமை வேணும். விண்டோஸை விட மனசில்லைன்னா, அதுலயே பிரிண்டரை ஷேர் பண்ணி, போன்ல நோகோபிரிண்ட் வழியா பிடிக்கலாம்.

1020-ல ஒரு விசித்திரம் உண்டு. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் அதோட ஃபர்ம்வேரைக் கம்ப்யூட்டர்தான் ஊட்டணும், கரண்ட் போனா எல்லாம் மறந்துடும். லினக்ஸ்ல ஹெச்பியோட ப்ளக்இன்னையும் போட்டுட்டா அது தானா நடக்கும். அதைப் போடாம, லைட் எரியுது தாள் வரலைன்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டுடாதீங்க.

சீசனுக்கு வந்த சித்தி பையன் "எனக்கு பிரிண்டரே காட்டலையே"ன்னா, அவனுக்கு நீங்க கெஸ்ட் வைஃபை கொடுத்திருப்பீங்க. அதுல இருந்து பொதுவா வீட்டு நெட்வொர்க் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும், அவன் ஃபைலை வாங்கி நீங்களே பிரிண்ட் போட்டுக் கொடுங்க.

கடைசியா தாள். சாரல் காலத்துல திறந்து வெச்ச கட்டு ஈரத்தை இழுத்துக்கும். லேசர் பிரிண்டரோட சூட்டு உருளைக்குள்ள போனதும் அது சுருண்டு சிக்கும். அதனால ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ட்ரேல பத்துப் பதினஞ்சு தாள் மட்டும் வையுங்க, மிச்சத்தைக் கவரோட கட்டி பீரோவுல வெச்சிடுங்க.