உழவர் கிணறும் மின்சாரமும்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

ஆற்றுப் பாசனம் இல்லாத ஊர்களில் உழவர்கள் கிணற்றை நம்பியே வாழ்கின்றனர். முற்காலத்தில் கமலை கட்டி, மாடுகளைக் கொண்டு நீர் இறைத்தனர். 1930-களில் பைகாராவிலும் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் தோன்றின. 1957-இல் தமிழகத்தில் மின்வாரியம் அமைந்தது. மின்கம்பிகள் வயல்களை எட்டின. கமலை மறைந்து பம்புசெட்டு வந்தது. இன்று தமிழகத்தில் 20 லட்சத்திற்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன.

இம்மின்சாரத்தை உழவர்கள் இலவசமாகப் பெறுகின்றனர். ஆனால் இச்சலுகை எளிதில் கிடைத்ததன்று. 1970-இல் யூனிட் ஒன்றுக்கு 8 பைசாவாக இருந்த கட்டணம் 10 பைசாவாக உயர்ந்தபோது, கோவை மாவட்ட உழவர்கள் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிர் நீத்தனர். இரண்டு பைசா நமக்கு அற்பமாகத் தோன்றலாம். தம் விளைபொருளுக்குத் தாமே விலை வைக்க இயலாத உழவருக்கோ அது பெருஞ்சுமை. 1972-இல் மாட்டு வண்டிகளைக் கோவை வீதிகளில் நிறுத்தி மீண்டும் போராடினர். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் அனைத்து விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. 2003-இல் நிறுத்தப்பட்ட இச்சலுகை 2004-இல் திரும்பவும் வழங்கப்பட்டது.

இலவசம் என்றால் செலவே இல்லை என்பது பொருளன்று. மின்சாரத்தின் விலையை அரசு, மக்களின் வரிப்பணத்திலிருந்து மின்வாரியத்திற்கு மானியமாகச் செலுத்துகிறது.

இணைப்பு பெற்றவருக்குத்தான் இச்சலுகை. விண்ணப்பித்துவிட்டு, முன்னுரிமை வரிசையில் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்போர் பலர். விரைவில் பெற விரும்புவோர்க்குத் தட்கல் திட்டம் வந்தது. அதில் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் விதிக்கப்பட்டது. ஏழை உழவர் அத்தொகைக்கு எங்கே போவார்? இணைப்பு வரும்வரை டீசல் எஞ்சினுக்குச் செலவழிப்பார். இல்லையேல் வானம் பார்த்திருப்பார். காத்திருப்போருக்காக 2021-இல் ஒரு லட்சம் இணைப்புகளும், 2022-இல் மேலும் 50,000 இணைப்புகளும் வழங்கும் திட்டங்களை அரசு தொடங்கியது.

தோழியரே, அறிவியல் வகுப்பில் கற்றதைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 லிட்டர் நீரை 10 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 98,000 ஜூல் ஆற்றல் வேண்டும். 100 மீட்டர் ஆழத்திலிருந்து உயர்த்த 9,80,000 ஜூல் வேண்டும். இது ஒரு யூனிட்டில் கால் பங்கிற்கும் மேல். மோட்டாரில் வீணாகும் ஆற்றல் தனி. நீர் அதே அளவுதான். மின்சாரமோ பத்து மடங்கு! நிலத்தடி நீர் இறங்க இறங்க உழவர் ஆழ்துளைக் கிணறு தோண்டக் கடன்படுகிறார். அரசின் மானியமும் ஏறுகிறது.

ஆகவே, இலவச மின்சாரம் நிலைக்க வேண்டுமாயின் நீரைக் காக்க வேண்டும். ஏரி குளங்களைத் தூர் வார வேண்டும்; சொட்டுநீர்ப் பாசனம் பெருக வேண்டும்; தேவை தீர்ந்ததும் மோட்டாரை நிறுத்த வேண்டும். வரிசையில் காத்திருக்கும் ஏழை உழவருக்கு இணைப்பு விரைவில் கிடைக்க வேண்டும். நம் தட்டில் விழும் சோற்றில் அவர் உழைப்போடு, கிணற்று நீரும் மின்சாரமும் கலந்துள்ளன என்பதை மறவாதிருப்போம்.