வெளிநாட்டுத் தத்தெடுப்பு: இணையத்தில் எதை நம்பலாம்?

புலம்பெயர்ந்து வாழும் உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஊரில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை ஒன்றைத் தத்தெடுக்க விரும்புகிறோம். இணையத்தில் தேடினால் எத்தனையோ பக்கங்கள் வருகின்றன. எதை நம்புவது?" அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கின்றேன். தத்தெடுப்பவர் ஒரு பக்கம் என்றால், தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய்மார் மறுபக்கம். இரு பக்கத்தாரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். இவர்களில் சிலரின் விடயத்தில் வேறொரு பெண் தாயாக நடிக்க வைக்கப்பட்டதையும், போலிப் பத்திரங்கள் தயாரிக்கப்பட்டதையும் 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று வெளிக்கொணர்ந்தது. அப்பிள்ளைகள் வளர்ந்து இன்று தாயைத் தேடுகின்றனர். சிலரின் கையில் உள்ள பத்திரத்தில் இருப்பதோ யாரோ ஒருவரின் பெயர்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஹேக் மாநாட்டு அமைப்பின் இணையத்தளம். நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புப் பற்றிய 1993 ஆம் ஆண்டுச் சமவாயமும், அதில் இணைந்த நாடுகளின் பட்டியலும், ஒவ்வொரு நாட்டிலும் இதற்குப் பொறுப்பான அதிகாரபீடத்தின் முகவரியும் அங்கே உண்டு. இலங்கை 1995 இல் இச்சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. இங்கே பொறுப்பு நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்துக்குரியது.

இரண்டாவது, தத்தெடுப்பவர் வாழும் நாட்டு அரசின் இணையத்தளம். அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் நாடு வாரியாக விபரம் வெளியிடுகின்றது. எந்தப் பக்கத்திலும் அது எழுதப்பட்ட திகதியைப் பார்க்கவேண்டும். சீனா 2024 இல், நெருங்கிய உறவினர் போன்ற சிலரைத் தவிர, வெளிநாட்டாருக்குப் பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பழைய பக்கத்தை நம்பினால் பணமும் காலமும் வீணாகும்.

மூன்றாவது, ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச சமூக சேவை நிறுவனத்தின் இணையத்தளம். எல்லை கடந்து பிரிந்த குடும்பங்களுக்கு உதவும் இந்நிறுவனம், பிள்ளையின் உரிமை பற்றியும் வேர்களைத் தேடுவது பற்றியும் வழிகாட்டல்களை வெளியிடுகின்றது.

பிள்ளைகளின் படங்களைப் போட்டு, "முற்பணம் அனுப்புங்கள், மிகுதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள். நியாயமான செலவும் சேவைக் கட்டணமும் அறவிடலாம். ஆனால் பிள்ளையை வைத்து இலாபம் பெறுவதைச் சமவாயம் தடுக்கின்றது. உறவினர் தத்தெடுக்கும் சந்தர்ப்பம் தவிர, உரிய நிபந்தனைகள் நிறைவேறும் முன்னர் தத்தெடுப்பவர் பெற்றோரை நேரில் தொடர்புகொள்வதும் கூடாது.

தோழியரே, தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பின்னரே பெறப்படவேண்டும். அது எழுத்தில் இருக்கவேண்டும். அதற்காகப் பணம் தரக்கூடாது. கையொப்பமிட்டால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு விளக்கியிருக்கவேண்டும். பிள்ளை சொந்தக் குடும்பத்தோடு வாழ முடியுமா, இல்லையேல் சொந்த நாட்டில் ஒரு குடும்பம் கிடைக்குமா என்று பார்த்த பின்னரே வெளிநாடு. வறுமை மட்டும் பிள்ளையைக் கொடுப்பதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

யாராவது உங்களிடம் பிள்ளையைக் கேட்டு வந்தால், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் முதலில் பேசுங்கள். சந்தேகம் எழுந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். விளங்காத மொழியிலுள்ள எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிட வேண்டாம். இட்டவற்றின் பிரதியையும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் பத்திரமாக வைத்திருங்கள். நாளை உங்கள் பிள்ளை உங்களைத் தேடினால், வழிகாட்டப்போவது அந்தப் பிரதிகளே.