பெயர் சொல்லும் கணிப்பொறி

ஒரு செடியின் பெயரை நூல் கொண்டு கண்டறிய முயன்றவர்களுக்கு அதிலுள்ள இடர்ப்பாடு தெரிந்திருக்கும். கேம்பிள் தொடங்கி, அவர் மறைந்தபின் ஃபிஷர் முடித்துத் தந்த சென்னை மாகாணத் தாவரவள நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதிலுள்ள திறவுகோல் வினாக்களால் ஆன ஏணி போன்றது. இலைகள் எதிரெதிராக உள்ளனவா, மாறி மாறி உள்ளனவா? விடைக்கேற்ப அடுத்த வினா வரும். ஒரு படியில் தவறினால், பிறகு எத்துணைக் கவனமாக ஏறினாலும் வேறொருவர் வீட்டுக் கூரையில்தான் போய் நிற்போம். பூவைப் பற்றி நூல் கேட்கும்போது நம் கையில் இலை மட்டுமே இருந்தால், அந்தப் படியிலேயே நின்றுவிட வேண்டியதுதான்.

இந்த இடர்ப்பாட்டை நீக்கவே கணிப்பொறி நிரல்கள் தோன்றின. நம் மலைக்குரிய நல்லதோர் எடுத்துக்காட்டு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட, மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டு மரங்களை இனங்காட்டும் நிரலாகும். அந்நிறுவனத்தின் பாஸ்கலும் ரமேஷும் 1987-இலேயே இக்காடுகளின் மரங்களுக்கும் கொடிகளுக்கும் களநூல் ஒன்று எழுதியிருந்தனர். பிரான்சு நாட்டுச் சிராட் நிறுவனத்தில் உருவான 'இடாவோ' என்னும் முறையைக் கொண்டு இப்புதிய நிரல் அமைக்கப்பட்டது. இதில் படிக்கட்டு இல்லை. திரையில் கிளையும் இலையும் படமாக விரியும். நம் கையிலுள்ள மாதிரியில் எது தெளிவாகத் தெரிகிறதோ அதை முதலில் சுட்டலாம், தெரியாததை விட்டுவிடலாம். ஒவ்வொரு சுட்டலுக்கும் எந்த மரம் எத்தனை விழுக்காடு ஒத்திருக்கிறது எனக் கணக்கிட்டு வரிசைப்படுத்தும். ஒரு விடை தவறினாலும் உண்மையான மரம் அடியோடு மறைந்து போகாது. வரிசையில் சற்றுக் கீழே இறங்கும், அவ்வளவே. பொதிகைச் சாரலின் செங்குறிஞ்சியைக் காய்க்காத பருவத்திலும் இலையைக் கொண்டே தேடத் துணியலாம். (களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் வனத்துறையின் இசைவின்றி ஓர் இலையும் பறித்தல் ஆகாது.)

இத்தகைய பழைய நிரலை இன்றைய கணிப்பொறியில் இயக்குவதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். குறுந்தகடு செருகும் வாயில் இப்பொழுது பல பொறிகளில் இல்லை. தனியே இணைக்கும் கருவி கொண்டு தகட்டை ஒருமுறை முழுதும் படியெடுத்து வைத்துக்கொள்க. நிரல் திறக்க மறுத்தால் அதன் சின்னத்தின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்' என்பதனுள் 'கம்பேட்டிபிலிட்டி' என்னும் பகுதியில் பழைய விண்டோஸ் ஒன்றைத் தெரிவு செய்க. பெரும்பாலும் இது போதும். புதிய பதிப்பு வேண்டுமாயின் வெளியிட்டோரிடமிருந்தே பெறுக. கண்ட இடத்தில் கிடைப்பதை ஏற்றாதீர்.

இனிச் சொல்லப்போவது இதனினும் முக்கியமானது. நிரலைப் புதுப்பித்தல் வேறு, அதனுள் இருக்கும் செய்தியைப் புதுப்பித்தல் வேறு. பாபநாசத்தில் ஆற்றங்கரை மருத மரத்தின் இலையை மேற்சொன்ன நிரலிடம் காட்டினால், அது பசுமைமாறாக் காட்டு மரம் ஒன்றையே நெருங்கிய விடையாகக் கூறக்கூடும். தன்னிடம் இல்லாத மரத்தை அது எங்ஙனம் அறியும்? ஆகவே, எந்த இடத்துத் தாவரங்கள், எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டவை என்பதை முதலில் பார்த்தல் வேண்டும்.

பெயர்களும் நிலைத்து நிற்பதில்லை. நம் ஊர்க் கருவேலத்தைக் கேம்பிள் நூல் அக்கேசியா அராபிக்கா என்றது. பின்னர் அக்கேசியா நைலோட்டிகா ஆயிற்று. 2011-இல் மெல்பர்ன் மாநாடு அக்கேசியா என்னும் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கே உறுதிசெய்த பின், வாசெல்லியா நைலோட்டிகா என வழங்குகிறது. மரம் கண்மாய்க் கரையில் அப்படியே நிற்கிறது!

கருவேலத்தில் மாறியது பெயர் மட்டுமே. கீழாநெல்லியில் செய்தி கடுமையானது. வயல் வரப்புகளில் முளைக்கும் இம்மூலிகையைப் பழைய நூல்கள் ஃபில்லாந்தஸ் நிருரி என்றன. இந்திய நூல்களில் அப்பெயரால் வழங்கியது அமாரஸ், ஃபிரேட்டர்னஸ், டெபிலிஸ் என்னும் மூன்று தனி இனங்களின் கலவை என்று 1985-இல் மித்ராவும் ஜெயினும் காட்டினர். கல்லீரல் நோய்க்கிருமியின்மேல் இம்மூலிகையின் ஆற்றலைப் பற்றி 1987-இல் வெளிவந்த ஆய்வுரை நிருரி என்றே குறித்தது. 1988-இல் சென்னைத் தியாகராஜனும் நோபெல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் பிறரும் லான்செட் இதழில் எழுதிய உரை அமாரஸ் என்றது. பின்வந்த சோதனைகள் பலவற்றில் அந்தப் பலன் கிட்டவில்லை. எல்லாரும் கையாண்டது ஒரே செடிதானா என்னும் ஐயம் அப்பொழுது எழுந்ததில் வியப்பில்லை. பழைய பட்டியலே உள்ள நிரல் நிருரி என்று சொல்லி நின்றுவிடும். அப்பெயரைக் கொண்டு தேடும் மாணவன் பாதிச் செய்தியைத்தான் காண்பான்.

இச்செடியிடம் இன்னொரு பொறியும் உண்டு. அதன் சிறுகிளை பார்வைக்குக் கூட்டிலை போலவே இருக்கும். ஆனால், ஒவ்வோர் இலையின் அடியிலும் பூவோ காயோ தொங்குவதால் அது தனியிலைகள் கொண்ட கிளையே எனத் தெளியலாம். அமாரஸில் பூவிதழ் ஐந்து. ஃபிரேட்டர்னஸிலும் டெபிலிஸிலும் ஆறு. கைபேசிப் படத்தில் இது எளிதில் தெரியாது. பத்து மடங்கு பெருக்கும் கைலென்சு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இதழ்களை எண்ணியபின் நிரலைத் திறவுங்கள். செடியைச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி, இடமும் நாளும் எழுதும் சீட்டில் நிரலின் பெயரையும் பதிப்பு எண்ணையும் அது காட்டிய விழுக்காட்டையும் குறித்து வையுங்கள். பெயர் நாளை மாறினாலும், அந்த உலர்ந்த செடியை எடுத்து மீண்டும் இதழ் எண்ணிப் பார்க்கலாம்.